எதிர்ப்பு ரகம் போட்டும் நூற்புழு பெருகுவது ஏன்? உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூற்புழுவுக்கு எதிர்ப்புள்ள ரகம் என்று சொல்லித்தான் விதைக்கிழங்கு வாங்கியிருப்போம். முதல் இரண்டு மூன்று சாகுபடி நன்றாகவே போயிருக்கும். அப்புறம் ஒரு முறை மண் பரிசோதனை செய்து பார்த்தால் முட்டை எண்ணிக்கை குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். விற்றவர் பொய் சொன்னாரா, ரகம் கெட்டுப்போனதா, பரிசோதனை தவறா என்று மனம் அலையும். பெரும்பாலும் இந்த மூன்றும் காரணமாக இருப்பதில்லை. கேட்க வேண்டியது வேறு: அந்த ரகம் எந்தப் புழுவுக்கு எதிர்ப்பு? என் மண்ணில் இருப்பது எந்தப் புழு? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் இந்த இரண்டையும் சுற்றியே வருகின்றன.

எந்தப் புழுவைப் பற்றி இங்கே பேசுகிறோம்?

உருளைக்கிழங்கைத் தாக்கும் நூற்புழுக்கள் பல. எதிர்ப்பு ரகங்கள் என்ற பேச்சு அதிகம் எழுவது முட்டைக்கூடு நூற்புழு விஷயத்தில்தான். அதில் இரண்டு இனங்கள் முக்கியம். ஒன்று குளோபோடெரா ரோஸ்டோகியென்சிஸ். இதன் பெண்புழு முதிரும்போது பொன்னிறமாவதால் தங்க நூற்புழு என்கிறார்கள். மற்றொன்று குளோபோடெரா பாலிடா. இதன் பெண் வெள்ளையாகவோ வெளிறிய பால் நிறத்திலோ இருந்து நேராகப் பழுப்பாகிவிடும். இதை வெளிர் நூற்புழு என்று சொல்லலாம்.

இவை இரண்டும் தனித்தனி இனங்கள் என்பது 1973-இல்தான் முறையாகப் பதிவானது. அதுவரை எல்லாமே ஒரே புழு என்ற கணக்கில் இருந்தது. பழைய எதிர்ப்பு ரகங்களின் வரலாற்றில் நடந்த பல ஏமாற்றங்களுக்கு இதுவே ஒரு காரணம்.

வேருக்குள் புழு என்னதான் செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மண்ணில் கிடக்கும் முட்டைக்கூடு என்பது செத்துப்போன பெண்புழுவின் உடல். தோல் இறுகி, பழுப்பாகி, அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு உருண்டையாகிவிடும். அதற்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள். ஒவ்வொரு முட்டையிலும் சுருண்டு படுத்திருக்கும் ஓர் இளம்புழு. உருளைக்கிழங்கு நடாவிட்டாலும் அவை 20 ஆண்டுக்கும் மேல் உயிரோடு கிடக்கக்கூடியவை. உருளைக்கிழங்கு வேர் அருகில் வந்து அதன் வேர்க்கசிவு மண் ஈரத்தில் கலந்தால் போதும், முட்டைக்குள் இருப்பவை விழித்துக்கொள்ளும்.

வெளியே வரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. வாயில் ஊசி போன்ற ஓர் உறுப்பு உண்டு. வேர்நுனிக்குப் பக்கத்தில் அந்த ஊசியால் குத்திக் குத்தி உள்ளே நுழையும். செல்களைக் கிழித்துக்கொண்டே நடுவிலுள்ள சாற்றுக்குழாய்ப் பகுதிக்கு அருகில் போய், அங்கே ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தெடுக்கும். அதில் உமிழ்நீரைச் செலுத்தும். அந்த உமிழ்நீரில் உள்ள புரதங்கள் செல்லின் போக்கையே மாற்றிவிடுகின்றன. பக்கத்துச் செல்களின் சுவர்கள் கரைகின்றன, ஒன்றோடொன்று கலக்கின்றன. கடைசியில் நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்த ஒரே பெரிய ஊட்டத் தொட்டி உருவாகிறது. செடி தயாரிக்கும் சத்து அதற்குள் வந்து கொட்டும். புழு அதற்குப் பிறகு நகராது. பெண்ணாக வளர்ந்தால் வாரக்கணக்கில் அந்த ஒரே தொட்டியை நம்பித்தான் வாழ வேண்டும்.

இங்கே ஒரு விசேஷம். இளம்புழு ஆணாகுமா பெண்ணாகுமா என்பது பிறக்கும்போது முடிவாவதில்லை. நல்ல ஊட்டம் கிடைத்தால் பெண். ஊட்டம் குறைந்தால் ஆண். ஆணுக்குக் கொஞ்ச நாள் சாப்பாடு போதும். பிறகு மெல்லிய புழுவாகவே வேரைவிட்டு வெளியேறி, பெண்ணைத் தேடிப் போகும். இந்த விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் எதிர்ப்பு ரகத்தில் புழு எங்கே தோற்கிறது?

வேருக்குள் நுழைவதை எதிர்ப்பு ரகம் தடுப்பதில்லை. முட்டை பொரிவதையும் தடுப்பதில்லை. இளம்புழு வழக்கம்போல உள்ளே வந்து, ஊட்டத் தொட்டியைக் கட்டவும் ஆரம்பிக்கும். அந்தக் கட்டத்தில் செடியிலுள்ள எதிர்ப்பு மரபணு புழுவின் உமிழ்நீரை அடையாளம் கண்டுகொள்கிறது. உடனே தொட்டியைச் சுற்றியுள்ள செல்களைச் செடியே சாகவிடுகிறது. வரப்பை உயர்த்தி வாய்க்காலை அடைத்த மாதிரி, தொட்டிக்கு வரும் சத்து நின்றுபோகிறது. பெண்ணாக வேண்டிய புழு பட்டினியில் சாகும், அல்லது ஆணாகிப் போகும். பெண் இல்லையென்றால் முட்டைக்கூடு இல்லை. மண்ணில் பொரிந்து வெளிவந்த முட்டைகள் கணக்கில் கழிந்ததுதான் மிச்சம்.

நல்ல எதிர்ப்பு ரகம் இப்படித்தான் மண்ணைச் சுத்தம் செய்கிறது. முட்டைகளை எழுப்பிவிட்டு, எழுந்தவற்றுக்குச் சந்ததி இல்லாமல் செய்துவிடுகிறது.

ஒரே ரகம் ஒரு நிலத்தில் நிற்கிறது, இன்னொரு நிலத்தில் தோற்கிறது. ஏன்?

அடையாளம் காணும் வேலைதான் எதிர்ப்பின் உயிர்நாடி. அந்த மரபணுவுக்குப் பழக்கமான உமிழ்நீர்ப் புரதம் எந்தப் புழுவில் இருக்கிறதோ அந்தப் புழு மாட்டிக்கொள்ளும். அதே புரதம் கொஞ்சம் மாறியிருக்கும் புழு செடியின் கண்ணில் படாமல் தொட்டியைக் கட்டி முடித்துவிடும்.

புழு தானாக நகரும் தூரம் மிகக் குறைவு. ஊர்விட்டு ஊர் போவதெல்லாம் விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணிலும், கலப்பைச் சக்கரத்திலும், செருப்பிலும், சாக்கிலும்தான். அதனால் ஒவ்வொரு நிலத்துக்கும் எந்தக் கூட்டம் முதலில் வந்து சேர்ந்ததோ அதன் வாரிசுகளே அங்கே பெருகியிருக்கும். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குணம், அந்தப் பக்கம் வேறு குணம் என்று இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பக்கத்து நிலத்தில் ஒரு ரகம் நன்றாக நின்றது என்பதை மட்டும் வைத்து உங்கள் நிலத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

ரோ1, பா2/3 என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அவை என்ன?

இவை பேத்தோடைப் எனப்படும் தாக்குவகைகளின் பெயர்கள். எந்தெந்த எதிர்ப்பு மரபணு உள்ள செடிகளில் பெருக முடிகிறது என்பதை வைத்து ஒரே இனத்துக்குள் புழுக் கூட்டங்களைப் பிரிக்கும் முறை. ஐரோப்பாவில் 1977-இல் வகுத்த பட்டியலில் தங்க நூற்புழுவுக்கு ரோ1 முதல் ரோ5 வரை ஐந்தும், வெளிர் நூற்புழுவுக்கு பா1 முதல் பா3 வரை மூன்றும் உண்டு. தென் அமெரிக்கக் கூட்டங்களுக்கு அதே ஆண்டில் வேறொரு பட்டியலும் வந்தது.

வகைப்படுத்தும் விதம் எளிது. தெரிந்த மரபணு உள்ள செடிகளைத் தொட்டிகளில் வைத்து, எண்ணிய முட்டைகளை இட்டு, அறுவடையின்போது மறுபடி எண்ணுவார்கள். முடிவில் உள்ள எண்ணிக்கையை ஆரம்ப எண்ணிக்கையால் வகுத்தால் பெருக்க விகிதம். ஒன்றுக்கு மேல் போனால் அந்தப் புழு அந்த எதிர்ப்பை மீறியது என்று பொருள்.

அந்த வகைப்பாட்டை எவ்வளவு நம்பலாம்?

தங்க நூற்புழுவுக்கு ஓரளவு நம்பலாம். ரோ1, ரோ4 இரண்டும் எச்1 என்ற மரபணுவிடம் தோற்கும். ரோ2, ரோ3, ரோ5 மூன்றும் அதை மீறும். கோடு தெளிவாக இருக்கிறது.

வெளிர் நூற்புழுவுக்கு அந்தத் தெளிவு இல்லை. பா1 மட்டும் தனியாகத் தெரியும். பா2-வும் பா3-யும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வண்ணம் கலந்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் கோடு போடுவது என்பது போடுபவர் கையில்தான். அதனால்தான் இரண்டையும் சேர்த்து பா2/3 என்று எழுதும் வழக்கம் வந்தது. இன்னொரு சங்கடம், பெருக்க விகிதம் 0.9 என்றால் எதிர்ப்பு, 1.1 என்றால் மீறல் என்று பிரிப்பது. தொட்டியில் மண் ஈரமும் வெப்பமும் கொஞ்சம் மாறினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். என் அபிப்பிராயத்தில், தாக்குவகைப் பெயரை ஒரு முதல் அறிமுகமாக எடுத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க, உங்கள் மண்ணின் புழு உங்கள் ரகத்தில் எத்தனை மடங்கு பெருகுகிறது என்ற எண்தான் வேண்டும்.

எச்1 மரபணுவைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, அதன் கதை என்ன?

ஆண்டிஸ் மலைகளில் பயிராகும் ஆண்டிஜெனா உருளைக்கிழங்குகளைச் சோதித்த எல்லென்பி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், சில செடிகளின் வேரில் மட்டும் முட்டைக்கூடுகள் உருவாகவில்லை என்பதை 1952-இல் வெளியிட்டார். காமன்வெல்த் உருளைக்கிழங்குத் தொகுப்பில் 1673 என்ற எண்ணிட்ட செடி அவற்றில் ஒன்று. அதிலிருந்து வந்ததுதான் ஐந்தாம் குரோமோசோமில் உள்ள எச்1. ஒரே மரபணு, அதுவும் மேலோங்கும் குணம் என்பதால் ரகங்களுக்குள் கொண்டுவருவது சுலபமாக இருந்தது. 1966-இல் வெளியான மாரிஸ் பைப்பர் அதைச் சுமந்துவந்த புகழ்பெற்ற ரகம்.

எச்1 அதன் வேலையை மிக நன்றாகவே செய்தது. பிரிட்டனில் ரோ1 புழு பல நிலங்களில் சரிந்தது. ஆனால் எச்1-இன் கண்ணுக்கு வெளிர் நூற்புழு தெரியாது. அதே நிலத்தில் சிறிதளவு இருந்த வெளிர் புழுவுக்குப் போட்டியாளர் விலகி, விருந்து மட்டும் மிஞ்சியது. பல ஆண்டுகள் கழித்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடந்த கணக்கெடுப்பில், உருளைக்கிழங்கு நிலங்களில் 64 சதவீதத்தில் முட்டைக்கூடு நூற்புழு இருந்தது. அந்த நிலங்களில் 67 சதவீதத்தில் வெளிர் புழு மட்டும், 8 சதவீதத்தில் தங்கப் புழு மட்டும், 25 சதவீதத்தில் இரண்டும் கலந்து இருந்தன. 2002-இல் வெளியான எண்கள் இவை. ரகம் தோற்கவில்லை. எந்தப் புழுவை ஒடுக்க வந்ததோ அதை ஒடுக்கிவிட்டது. காலியான இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

எதிர்ப்பை மீறும் புழு புதிதாகத் தோன்றுகிறதா, ஏற்கெனவே மண்ணில் இருந்ததா?

பெரும்பாலும் ஏற்கெனவே இருந்ததுதான். எதிர்ப்பு ரகம் அதை உருவாக்குவதில்லை, பொறுக்கி எடுக்கிறது.

தங்க நூற்புழுவில் இது எப்படி நடக்கிறது என்பது கட்டுப்பாட்டோடு செய்த கலப்புகளால் 1991-இல் தெளிவானது. எச்1-ஐ மீறும் குணம் ஒரே மரபிடத்தில் இருக்கிறது, அதுவும் ஒடுங்கிய குணம். அதாவது தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதியும் மீறும் வகையாக இருந்தால்தான் புழு எச்1 செடியில் பெண்ணாக வளரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்ணிலுள்ள புழுக்களின் மரபணுப் பிரதிகளில் நூற்றில் ஒன்று மீறும் வகை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிரதியும் அப்படி அமைந்த புழு பத்தாயிரத்தில் ஒன்று. எச்1 ரகம் நட்டால் அந்த ஒன்று மட்டுமே பெண்ணாகும். சரி, அது யாரோடு கூடும்? முன்பு சொன்னதை நினைவுபடுத்துங்கள்: மற்ற புழுக்கள் பட்டினியில் ஆணாக மாறி வெளியே வந்திருக்கும். அந்த ஆண்களில் பெரும்பாலோர் சாதாரண வகை. ஆகவே அந்தப் பெண்ணின் முட்டைகளில் சுமார் 99 சதவீதம் கலப்பு. அவை அடுத்த எச்1 பயிரில் பெண்ணாக முடியாது. ஆனால் ஆணாகலாம், மீறும் பிரதியைச் சுமந்துகொண்டு. அந்த ஆண்களோடு மீறும் பெண் கூடினால் பிள்ளைகளில் பாதி மீறும் வகை. அந்த இடத்திலிருந்துதான் ஓட்டம் வேகமெடுக்கும்.

ஆக முதல் சில சுற்றுகளில் வெளியே ஒன்றுமே தெரியாது. பழைய முட்டைக்கூடுகளில் கிடக்கும் சாதாரண வகைப் புழுக்களும் கலந்துகொண்டே இருப்பதால் மாற்றம் இன்னும் மெதுவாகும். பெரும்பாலும் ஒரு பயிருக்கு ஒரு தலைமுறைதான். இதனால்தான் எச்1 பல இடங்களில் பத்தாண்டுக் கணக்கில் நின்றது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் நல்ல உதாரணம். அங்கே 1941-இல் தங்க நூற்புழு தெரியவந்தது. ரோ1-க்கு எதிராக எச்1 ரகங்கள் நீண்டகாலம் துணை நின்றன. 1990-களில் ரோ2 தலைகாட்டியது.

புரத அளவில் வித்தியாசம் எவ்வளவு பெரியது?

நம்ப முடியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம். ஜிபிஏ2 என்ற எதிர்ப்பு மரபணு, எச்1 கிடைத்த அதே 1673 செடியிலிருந்து வந்தது. 12-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அது வெளிர் நூற்புழுவின் உமிழ்நீரிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் காண்கிறது. அந்தப் புரதத்தின் 187-ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருந்தால் செடி கண்டுபிடித்துவிடும். அதே இடத்தில் செரின் இருந்தால் செடி பேசாமல் இருந்துவிடும். ஒரே ஓர் எழுத்து மாறிய பெயர்ச்சீட்டு மாதிரி. ஒரு நிலத்தின் புழுக் கூட்டத்தில் இரண்டு வகையும் கலந்தே இருக்கக்கூடும். அதனால் ஜிபிஏ2 சில கூட்டங்களை மட்டுமே தடுத்தது.

வெளிர் நூற்புழு ஏன் இவ்வளவு சிரமம் தருகிறது?

முதலில் அதன் பூர்வீகம். இரண்டு இனமும் ஆண்டிஸ் மலைகளைச் சேர்ந்தவை, உருளைக்கிழங்கோடு சேர்ந்தே அங்கே வளர்ந்தவை. மேற்கு ஐரோப்பாவிலுள்ள வெளிர் நூற்புழுக்களின் மரபைப் பார்த்தவர்கள், அவை பெரு நாட்டின் தெற்கில், டிட்டிகாகா ஏரியின் வடகரைக்கும் குஸ்கோவுக்கும் இடைப்பட்ட பகுதியிலிருந்து வந்தவை என்று 2008-இல் காட்டினார்கள். பெரு முழுவதிலும் இருக்கும் வெளிர் புழு வகைகளோடு ஒப்பிட்டால் இது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியிலேயே இத்தனை வேறுபாடு. புதிய கூட்டம் ஒன்று வேறொரு பள்ளத்தாக்கிலிருந்து வந்து சேர்ந்தால் இப்போதைய ரகங்கள் எதற்கும் அதை அடையாளம் தெரியாமல் போகலாம். வேற்று நாட்டு மண்ணோடு கிழங்கு வருவதைச் சுங்கத்தில் அவ்வளவு கடுமையாகத் தடுப்பது சும்மா இல்லை.

இரண்டாவது, ஒரே மரபணுவால் முழுமையாகத் தடுக்க முடியாத எதிர்ப்பு. வெளிர் புழுவுக்கு எதிராகப் பெரும்பாலும் பயன்படுவது சொலானம் வெர்னை என்ற காட்டு இனத்திலிருந்தும், ஆண்டிஜெனாவின் 2802 எண் செடியிலிருந்தும் வந்தவை. இவை தரும் தடுப்பு பெரும்பாலும் பகுதி அளவிலானது. பெண்கள் குறையும், ஒன்றும் இல்லாமல் போகாது.

மூன்றாவது, அது குளிர் மண்ணிலேயே பொரியத் தொடங்கும், பொரிவதையும் நீண்ட நாளுக்கு இழுக்கும். நடவின்போது இட்ட நூற்புழுக்கொல்லியின் வீரியம் தீர்ந்த பிறகும் இளம்புழுக்கள் வந்துகொண்டே இருக்கும்.

வெளிர் புழுவுக்கான உயர்ந்த எதிர்ப்பும் உடைந்திருக்கிறதா?

ஆம். ஜெர்மனியின் வடமேற்கில் எம்ஸ்லாந்து பகுதியில் மாவுச்சத்துக்காக உருளைக்கிழங்கு அடிக்கடி பயிரிடும் நிலங்களில், பா2/3-க்கு உயர்ந்த எதிர்ப்புள்ள ரகங்களிலும் தாராளமாகப் பெருகும் வெளிர் புழுக் கூட்டம் 2014-இல் பதிவானது. பக்கத்திலுள்ள நெதர்லாந்தின் வடகிழக்கிலும் இத்தகைய கூட்டங்கள் தெரியவந்துள்ளன. இரண்டு பகுதிக்கும் பொதுவானது என்ன என்று பாருங்கள்: குறுகிய இடைவெளியில் உருளைக்கிழங்கு, அதுவும் ஏறக்குறைய ஒரே மூலத்திலிருந்து வந்த எதிர்ப்பு. தொட்டிகளில் வெர்னை வழி எதிர்ப்புச் செடிகளிலேயே தலைமுறை தலைமுறையாகப் புழுவை வளர்த்தபோதும் அதன் பெருக்கம் படிப்படியாகக் கூடியது. சோதனைக்கூடம் முன்கூட்டியே சொன்னதுதான் வயலில் நடந்தது.

என் ரகம் நல்ல மகசூல் தருகிறதே, அப்படியானால் எதிர்ப்பு வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. தயவுசெய்து இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எதிர்ப்புத்திறன் என்பது புழு பெருகுகிறதா என்பதைப் பற்றியது. தாங்குதிறன் என்பது புழு தாக்கியும் செடி விளைகிறதா என்பதைப் பற்றியது. ஒன்று இருந்தால் மற்றொன்று இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காரா என்ற ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எச்1 உண்டு, நல்ல தாங்குதிறனும் உண்டு. வெளிர் புழு உள்ள நிலத்தில் அதை நட்டால் செடி பசுமையாகவே நிற்கும், கிழங்கும் கிடைக்கும். கீழே வேரில் புழு சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கும். அடுத்த பயிருக்குத்தான் விலை தெரியும். இதற்கு நேர்மாறு இன்னொவேட்டர். வெளிர் புழுவுக்கு எதிர்ப்பு வலுவாக உண்டு, தாங்குதிறன் குறைவு. இளம்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வேருக்குள் நுழைந்து காயப்படுத்துவதே அதன் விளைச்சலைக் குறைத்துவிடும். புழு மிக அதிகமாக உள்ள நிலத்தில் அதை நட்டால் மண் சுத்தமாகும், கை நிறையாது.

ரகப் பட்டியலில் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறார்களே?

ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் ஒரு விதிமுறை வழியாகக் கொண்டுவந்த அளவுகோல் அது. 9 உயர்ந்த எதிர்ப்பு. சோதிக்கும் ரகத்தில் புழு பெருகிய விகிதத்தை, எதிர்ப்பே இல்லாத டெசிரே ரகத்தில் பெருகிய விகிதத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகச் சொல்வார்கள். ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் 9. ஒன்றுக்கு மேல் மூன்று வரை 8. ஐந்துக்கு மேல் பத்து வரை 6. ஐம்பதுக்கு மேல் நூறு வரை 2.

கவனிக்க வேண்டியது இரண்டு. தங்கப் புழுவுக்கு ஒரு மதிப்பெண், வெளிர் புழுவுக்குத் தனி மதிப்பெண். ஒன்றில் 9 வாங்கிய ரகம் மற்றொன்றில் 2 வாங்கியிருக்கலாம். அடுத்து, அந்த மதிப்பெண் சோதனைக்கு எடுத்த குறிப்பிட்ட புழுக் கூட்டத்துக்கு எதிரானது. உங்கள் நிலத்தின் கூட்டம் அந்தச் சோதனையில் கலந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 5, 6 வாங்கிய ரகத்தை அலட்சியமாக நினைக்காதீர்கள். டெசிரேவில் 40 மடங்கு பெருகும் புழு 10 சதவீத ரகத்தில் 4 மடங்கு பெருகும். பெருக்கம்தான், ஆனால் பயிர்ச்சுழற்சியின் சில ஆண்டுகளில் அந்த நான்கு மடங்கு இறங்கிவிடும். நாற்பது மடங்கு இறங்காது.

என் நிலத்தில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண் மாதிரியை நிலம் முழுவதும் பல இடங்களில் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். புழு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், அதனால் ஒரே மூலையில் ஒரு கூடை அள்ளுவதில் பயன் இல்லை. ஆய்வகத்தில் உலர்ந்த மண்ணைத் தண்ணீரில் அலசினால் முட்டைக்கூடுகள் மிதக்கும். சல்லடையில் பிடித்து, நசுக்கி, உயிருள்ள முட்டைகளை எண்ணுவார்கள்.

இனத்தைப் பிரிக்க நுண்ணோக்கியில் முட்டைக்கூட்டின் பின்முனையைப் பார்ப்பார்கள். பெண்ணுறுப்புத் துளைக்கும் மலத்துளைக்கும் நடுவில் தோலில் வரிகள் இருக்கும். தங்கப் புழுவில் அந்த வரிகள் 16-இலிருந்து 31 வரை, வெளிர் புழுவில் 8-இலிருந்து 20 வரை. நடுவில் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுவதைப் பாருங்கள். அதனால் இப்போது புழுவின் டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனையையே நம்புகிறார்கள். அது இனத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

எதிர்ப்பை மீறும் குணம் உண்டா என்பதற்குப் பொதுவான மரபணுச் சோதனை ஒன்றும் கைவசம் இல்லை. புழுவைச் செடியில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். சிறிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் மண்ணும், புழுவும், ஒரு கிழங்குத் துண்டும் வைத்து மூடி இருட்டில் வைப்பார்கள். வேர் டப்பாவின் சுவரையொட்டிப் படரும். சில வாரங்களில் பெண்புழுக்கள் வெள்ளை மணிகளாகச் சுவர் வழியாகவே தெரியும். எண்ண வேண்டியதுதான்.

எதிர்ப்பு ரகத்தை ஒவ்வொரு முறையும் நடலாமா?

நடக் கூடாது. நெருக்கி நெருக்கி நடுவதுதான் மீறும் வகையைப் பொறுக்கி எடுக்கும் மிக வேகமான வழி. மண்ணில் புழு குறைவாக இருந்தால் எதிர்ப்பில்லாத ரகத்தை ஒரு சுற்று நடுவதை யோசிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரண வகை மறுபடி பெருகி, மீறும் பிரதியைக் கலப்பில் நீர்த்துப்போகச் செய்யும் என்பது கணக்கு. கோட்பாட்டில் சரி. ஆனால் எண்ணிக்கை எகிறும் ஆபத்தும் கூடவே இருப்பதால், மண் பரிசோதனையில்லாமல் யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

இதைவிட நல்ல வழி, வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த எதிர்ப்பை மாற்றி மாற்றி நடுவது. பெயர் வேறு என்பதால் எதிர்ப்பும் வேறு என்று எண்ண வேண்டாம். இரண்டு ரகமும் வெர்னை வழி என்றால் புழுவுக்கு அவை ஒரே ரகம். வெர்னை வழி எதிர்ப்பையும் 2802 செடியின் எதிர்ப்பையும் ஒரே ரகத்துக்குள் சேர்த்தபோது வேரில் பெண்புழுக்கள் தனித்தனியாக இருந்ததைவிட நன்றாகக் குறைந்தன. இரண்டு பூட்டையும் ஒரே புழு திறக்க வேண்டும் என்பதால் இத்தகைய ரகங்கள் நீண்டகாலம் நிற்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

பயிர்ச்சுழற்சி எத்தனை ஆண்டு?

உருளைக்கிழங்கு இல்லாத ஆண்டில் தங்கப் புழு ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், வெளிர் புழு அதைவிட மெதுவாகக் குறையும். கிராம் மண்ணில் 40 முட்டை என்று தொடங்கினால் ஆண்டுக்கு 30 சதவீதக் குறைவில் ஆறு ஆண்டு கழித்து 5-க்குக் கீழே வரும். ஆண்டுக்கு 15 சதவீதம்தான் என்றால் அதே ஆறு ஆண்டில் 15. எந்த இனம் என்று தெரியாமல் சுழற்சி ஆண்டை முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும். கிழங்கு அள்ளிய பிறகு தானாக முளைக்கும் செடிகளைப் பிடுங்காவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் பலிக்காது.

சொலானம் சிசிம்பிரிஃபோலியம் என்ற முள்செடியைப் பொறிப்பயிராக வளர்ப்பதும் உண்டு. அதன் வேர்க்கசிவு முட்டையை எழுப்பும், வேர் புழுவை வளரவிடாது. ரோ, பா என்ற பேதம் அதற்கு இல்லை, அதுவே அதன் பெரிய பலம்.

வேர்முடிச்சு நூற்புழுவிலும் இந்த வேறுபாடு உண்டா?

உண்டு. மெலாய்டோகைன் சிட்வுடி என்ற வேர்முடிச்சுப் புழுவுக்கு எதிராக சொலானம் பல்போகாஸ்டானம் என்ற காட்டு இனத்தின் எதிர்ப்பு மரபணுவை உருளைக்கிழங்குக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த ஒரு கூட்டம் அதையும் மீறியது.

எதிர்ப்பு ரகத்தின் வேரில் சில வெள்ளை உருண்டைகள் தெரிகின்றன. என்ன செய்ய?

பூ விடும் சமயத்தில் செடியைப் பக்கவாட்டில் தோண்டி, வேரை இழுக்காமல் மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய மணிகள் வேரில் ஒட்டியிருக்கும். ஒரு செடியில் நாலைந்து இருந்தால் பகுதி எதிர்ப்புள்ள ரகத்துக்கு அது இயல்பு. எச்1 போன்ற முழு எதிர்ப்புள்ள ரகத்தில் வேர் நெடுக மணிகள் இருந்தால் விஷயம் வேறு. நிறத்தைப் பாருங்கள். சில நாள் விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை பாருங்கள். வெள்ளையிலிருந்து பொன்னிறமாக மாறினால் தங்கப் புழு, அதாவது ரோ1-ஐத் தாண்டிய வகை வந்திருக்கலாம். பொன்னிறமே காட்டாமல் பழுப்பானால் வெளிர் புழு.

எப்படியிருந்தாலும் அந்தச் செடி நின்ற இடத்தைக் குறித்து, ஒரு குச்சி நட்டுவையுங்கள். அறுவடைக்குப் பிறகு அந்த இடத்து மண்ணைத் தனிப் பையில் எடுத்து, ரகத்தின் பெயரையும் அந்த நிலத்தில் முன்பு நட்ட ரகங்களின் பெயர்களையும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அந்த ஒரு பை மண்ணை மற்ற மாதிரிகளோடு கலந்துவிட வேண்டாம். அந்த இடத்தில் ஓடிய கருவிகளை அடுத்த நிலத்துக்குக் கொண்டுபோகும் முன் கழுவிவிடுங்கள்.